பல்லடைக்கும் விளக்கை யார் அளப்பது?

சொத்தைப்பல்லை அடைக்கப் போன எல்லோருக்கும் அந்த நீல வெளிச்சம் தெரியும். மருத்துவர் பல்லைக் குடைந்து சுத்தம் செய்வார். வெள்ளையாகப் பசைபோல் ஒரு மருந்தைக் குழிக்குள் வைத்து அழுத்துவார். பிறகு பேனா போன்ற விளக்கை வாய்க்குள் நீட்டுவார். சில விநாடிகளில் 'பீப்' என்று ஒலி கேட்கும், பசை கல்லாகியிருக்கும். 'லைட் அடிச்சு அடைக்கிறது' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். மருத்துவர்கள் காம்போசிட் என்பார்கள்.

இனி இந்த அடைப்புதான் பெரும்பாலோருக்கு வாய்க்கப்போகிறது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் கலந்த பழைய 'வெள்ளி அடைப்பை' 2034-க்குள் முடிவுக்குக் கொண்டுவர ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரி 1 முதலே அதற்குத் தடை. 2018-இல் இந்த உடன்படிக்கையை உறுதிசெய்த இந்தியாவும் அதே பாதையில்தான் போகிறது. வெள்ளி அடைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். அது மண்ணிலும் நீரிலும் போய்ச் சேரக் கூடாது என்பதால் இது நல்ல முடிவு. வரவேற்க வேண்டிய முடிவு.

ஆனால் ஒன்றை விலக்கி இன்னொன்றை ஊரெல்லாம் பரப்பும்போது, புதிதாக வருவது எப்படிப்பட்டது என்று கேட்பது நம் கடமை. நீல வெளிச்சத்தில் இறுகும் அடைப்பிலிருந்து வாய்க்குள் ரசாயனம் கசிகிறதா? கசிகிறது. எவ்வளவு கசிகிறது என்பதைத் தீர்மானிப்பவற்றில் முக்கியமானவை அந்த விளக்கின் வலிமை, அது பிடிக்கப்பட்ட விநாடிகள், பிடித்த கையின் நிதானம். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று கவலைப்படும் நாம், இந்த விளக்கை யாரும் அளந்தார்களா என்று கேட்பதே இல்லை.

இரண்டு கைகளின் கதை

அமெரிக்கப் பல் மருத்துவரான ரஃபேல் போவன், பல ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 1962-இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின்தான் இன்றைய வெள்ளை அடைப்புகளின் மூதாதை. அந்தப் பிசின் தேனைவிடக் கெட்டியானது. அதை இளக்கி வேலை செய்ய வசதியாக்க டெக்-டிஎம்ஏ போன்ற இலேசான பிசின்களைச் சேர்க்கிறார்கள். வலுவுக்காக நுண்ணிய கண்ணாடித் தூளைக் கலக்கிறார்கள். எடையில் பெரும்பங்கு அதுதான். வெளிச்சம் பட்டதும் வேலையைத் தொடங்கிவைக்க, கற்பூரத்திலிருந்து பெறப்படும் மஞ்சள் நிறக் கேம்ஃபர்குயினோன் சிறிதளவு சேர்கிறது. ஏறத்தாழ 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது உறிஞ்சி, பிசின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கத் தூண்டுகிறது.

இந்தப் பிசின் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு கைகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி பட்டதும் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தின் கையைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய வலை பின்னப்படுகிறது. ஆனால் வலை இறுக இறுக, உள்ளே இருப்பவை நகர முடியாமல் நின்றுவிடுகின்றன. நன்றாக ஒளி பட்ட அடைப்பிலும் ஏறக்குறைய 50 முதல் 75 விழுக்காடு கைகள்தாம் இணைகின்றன. ஒரு கையையாவது கொடுத்த மூலக்கூறு வலையோடு தங்கிவிடும். இரண்டு கையும் சும்மா இருக்கும் மூலக்கூறுதான் எச்சிலோடு வெளியே வரும். பல்லோடு ஒட்டவைக்கும் பசையில் உள்ள ஹெமா என்ற பொருளுக்கோ ஒரே ஒரு கைதான். உருவமும் சிறியது, நீரிலும் எளிதில் கரைவது. அதனால் அது எளிதில் நழுவும்.

கசிவில் பெரும்பகுதி முதல் 24 மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. அடைப்பின் மேற்பரப்புக்கு இதில் தனிப் பங்குண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்தக் கோப்பைத் தடுப்பதால், வெளிச்சம் பட்ட பிறகும் மேலே மெல்லிய பிசுபிசுப்புப் படலம் இறுகாமல் நிற்கும். அதைத் துடைக்காமலும் மெருகிடாமலும் விட்டால், அத்தனையும் நோயாளியின் வயிற்றுக்குத்தான் போகும்.

முதல் நாளோடு கதை முடிவதும் இல்லை. எச்சிலில் உள்ள நொதிகள் அடைப்பின் பிசினை மெல்ல அரிக்கின்றன. சொத்தையை உண்டாக்கும் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸும் இந்தப் பிசினைச் சிதைக்கவல்லது என்று கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சரியாக இறுகாத அடைப்பின் ஓரம் சீக்கிரம் அரிக்கப்படும். அந்த இடுக்கில் மறுபடி சொத்தை பிடிக்கும். மறுபடி குடைந்து மறுபடி அடைக்க வேண்டும். ஆகவே இறுக்கக் குறைவு என்பது ரசாயனக் கசிவோடு நிற்காமல், பல்லின் ஆயுளையும் குறைக்கிறது.

கிரனாடாவில் தொடங்கிய கேள்வி

இந்த விவாதத்தை உலகின் காதில் போட்டது ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகம். நிக்கோலாஸ் ஓலியா தலைமையிலான குழு, கடைவாய்ப் பற்களின் பள்ளங்களை மூடும் பிசின் பூசப்பட்ட 18 பேரின் எச்சிலைச் சோதித்தது. ஒவ்வொருவருக்கும் பூசியது 50 மில்லிகிராம். அடுத்த ஒரு மணி நேர எச்சிலில் பிஸ்ஃபீனால் ஏ என்ற பொருள் 90 முதல் 931 மைக்ரோகிராம் வரை இருந்ததாக 1996-இல் அவர்கள் எழுதினார்கள். பெண்மைக்கான ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்போல் உடலில் நடந்துகொள்ளக்கூடியது இது என்பது 1936-லேயே தெரிந்த செய்தி. கவலை எழுந்தது இயல்பே.

பிறகு வந்த ஆய்வுகள் படத்தைத் தெளிவாக்கின. போவனின் பிஸ்-ஜிஎம்ஏ எச்சிலில் பிஸ்ஃபீனால் ஏ-யாக உடைவதில்லை. தயாரிப்பில் மிஞ்சிய துளியளவு அசுத்தமாக மட்டுமே அது அதில் ஒட்டியிருக்கலாம். ஆனால் சில பூச்சுகளில் சேர்க்கப்பட்ட பிஸ்-டிஎம்ஏ என்ற உறவுக்காரப் பிசினை எச்சில் நொதிகள் உடைத்து பிஸ்ஃபீனால் ஏ-வை விடுவித்துவிடுகின்றன. குற்றவாளி யாரென்று தெரிந்ததும் அந்தப் பொருள் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 2016-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 12 பூச்சுகளைச் சோதித்தபோது, வெளியேறிய பிஸ்ஃபீனால் ஏ ஏறத்தாழ 0.09 நானோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஆயிரம் நானோகிராம் என்பதை நினைத்தால், எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பது விளங்கும்.

இந்த வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே. அளந்தார்கள், எந்தப் பொருள் என்று கண்டார்கள், மாற்றினார்கள். அளக்காமல் இருந்திருந்தால் அந்தப் பூச்சு இன்றும் குழந்தைகளின் வாயில் இருந்திருக்கும்.

எவ்வளவு பயப்பட வேண்டும்?

அளவோடுதான். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காம்போசிட் அடைத்தவர்களின் எச்சிலில் பிஸ்ஃபீனால் ஏ 8 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. சிறுநீரில் மறுநாள் வரை சற்றுக் கூடுதலாக இருந்தது. அதாவது, ஒரு சிறு அலை எழுந்து அடங்குகிறது. உணவு டப்பாவும் பிளாஸ்டிக்கும் நாள்தோறும் தருவதோடு ஒப்பிட்டால், எப்போதோ ஒருமுறை அடைக்கும் பல் தருவது சிறிது.

ஆனாலும் ஒதுக்கிவிட முடியாத செய்திகளும் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 534 குழந்தைகளுக்கு வெள்ளி அடைப்போ வெள்ளை அடைப்போ வைத்து ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். பாதரசத்தின் தீங்கைக் கண்டறியத் தொடங்கிய ஆய்வு அது. பிஸ்-ஜிஎம்ஏ அடைப்புகள் அதிகம் இருந்த குழந்தைகளுக்கு மன, சமூக நடத்தை மதிப்பெண்கள் சற்று மோசமாக இருந்ததாக 2012-இல் அதே தரவிலிருந்து வெளியான கட்டுரை கூறியது. இது காரணத்தை நிரூபிப்பதாகாது. தொடர்பைச் சுட்டுவது மட்டுமே. ஆயினும் குழந்தைகள் விஷயத்தில் இத்தகைய சுட்டலைக் காதில் வாங்காமல் போவது அறமாகாது.

ஒழுங்குமுறை அமைப்புகளும் ஒருமித்து நிற்கவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பிஸ்ஃபீனால் ஏ-வுக்கான அன்றாட ஏற்பளவை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாகக் குறைத்தது. இருபதாயிரம் மடங்கு குறைப்பு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல், கிலோவுக்கு 200 நானோகிராம் போதும் என்றது. அறிஞர்களே இவ்வளவு தூரம் விலகி நிற்கையில், சாதாரண மக்களாகிய நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு ஒன்றுதான்: தவிர்க்க முடிகிற கசிவைத் தவிர்ப்பது.

ஆய்வகத்தில் தேர்ச்சி, வாய்க்குள் தோல்வி

எதைத் தவிர்க்க முடியும்? முதலில் விளக்கின் குறையை. பொதுவாக இந்த மருந்தை ஒரு தடவைக்கு 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் வைக்காமல், அடுக்கடுக்காக வைத்து ஒவ்வோர் அடுக்குக்கும் ஒளி காட்ட வேண்டும். ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 800 மில்லிவாட் தரும் விளக்கை 20 விநாடி பிடித்தால் 16 ஜூல் ஆற்றல் கிடைக்கும். அதே விளக்கு பழசாகி 400 மில்லிவாட்டுக்கு இறங்கிவிட்டால், அதே ஆற்றலுக்கு 40 விநாடி வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலமாகத்தான் தெரியும். 'பீப்' ஒலியும் ஒரே நேரத்தில்தான் வரும். மேற்பரப்பு இரண்டிலும் கல்லாகத்தான் இருக்கும். அடியில் மட்டும் ஒன்று இறுகியிருக்கும், இன்னொன்று இறுகியிருக்காது.

விளக்கு ஏன் மங்குகிறது? பேட்டரி சோர்கிறது. நுனியில் பிசின் தெறித்து ஒட்டிக் காய்கிறது. தொற்றுக்கு அஞ்சிச் சுற்றும் உறை ஒளியைக் குறைக்கிறது. வாய் சரியாகத் திறக்காத குழந்தையின் கடைசிப் பல்லை எட்ட, விளக்கு சாய்கிறது. சில மில்லிமீட்டர் விலகுகிறது. கண் கூசுவதால் உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், கை நகர்ந்துவிடுகிறது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் பிரைஸ், பொம்மை வாய்க்குள் ஒளி உணரிகளைப் பதித்து இதை அளந்து காட்டினார். ஒரே விளக்கு, ஒரே நேரம். கை மாறினால் பல்லுக்குக் கிடைக்கும் ஆற்றல் பெரிதும் மாறியது. சிறு பயிற்சி கொடுத்ததும் முன்னேறியது.

நம் நாட்டுக் கணக்கும் கையில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பல் மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று 200 விளக்குகளை அளந்த ஆய்வு 2009-இல் வெளியானது. அவற்றில் பெரும்பாலானவை போதிய ஒளி தரவில்லை. வேறு பல நாடுகளில் நடந்த கணக்கெடுப்புகளிலும் மங்கிய விளக்குகள் ஏராளமாக அகப்பட்டன. அந்த விளக்குகளின் உரிமையாளர்கள் கெட்ட மருத்துவர்கள் அல்லர். தங்கள் விளக்கு மங்கிவிட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாது, அதுதான் வேதனை.

மருந்துக்குத் தரச் சோதனை இல்லாமலில்லை. சர்வதேசத் தரநிலை எண் 4049-இன்படி, நீரில் ஊறவைத்த மாதிரி ஒரு கன மில்லிமீட்டருக்கு 7.5 மைக்ரோகிராமுக்கு மேல் கரையக் கூடாது. ஆனால் அந்த அளவு எடை எவ்வளவு குறைந்தது என்று சொல்லுமே தவிர, எந்தப் பொருள் கரைந்தது என்று சொல்லாது. அந்த மாதிரியும் ஆய்வகத்தில், சரியான விளக்கில், குறித்த விநாடிகள் வைத்து இறுக்கப்பட்டது. நல்ல விளக்கில் தேர்வெழுதித் தேறிய மருந்து, அளக்கப்படாத விளக்கோடு நம் வாய்க்குள் வருகிறது. சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை யாரும் காவல் காக்கவில்லை.

கையுறையைத் தாண்டும் பொருள்

நோயாளி எப்போதாவது ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்காருகிறார். மருத்துவரும் உதவியாளரும் தினமும் இறுகாத பசையோடு புழங்குகிறார்கள். ஹெமா போன்ற சிறு மூலக்கூறுகள் மெல்லிய ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். விரல் நுனி வெடிப்பு, அரிப்பு, தோல் உரிதல் என்று பல் மருத்துவப் பணியாளர்களிடம் ஒவ்வாமை பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இது வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விடாது. சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உதவியாளர் பெண்கள், 'சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை' என்று களிம்பு பூசிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதே குடும்பத்து ரசாயனங்கள்தாம் நகப்பூச்சு நிலையங்களின் ஜெல் பூச்சிலும் இருக்கின்றன. அதை இறுக்க உதவும் டிபிஓ என்ற பொருள், இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் வகையில் பட்டியலிடப்பட்டதால், 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுப் பொருள்களில் அதைத் தடை செய்தது. சில பல்லடைப்பு மருந்துகளிலும் டிபிஓ உண்டு. மருத்துவப் பொருளுக்குச் சட்டம் வேறு என்பது சரி. ஆனால் நகத்தில் பூசுவதில் இருக்கக் கூடாதென்று சொல்லப்பட்ட ஒன்று, பல்லில் வைப்பதில் இருக்கிறதா இல்லையா என்றாவது தெரிந்துகொள்ள மருத்துவருக்கும் நோயாளிக்கும் உரிமை வேண்டாமா? பெட்டியின் மேல் நிறத்தின் எண் இருக்கும், காலாவதித் தேதி இருக்கும். உள்ளே உள்ள பிசின்களின் முழுப்பட்டியல் இருப்பது அரிது. பிஸ்கட் பொட்டலம் சொல்லும் அளவுகூட, ஆண்டுக்கணக்கில் வாயில் தங்கும் பொருள் சொல்வதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, அளத்தல். ஒளி அளக்கும் சிறு கருவி ஒவ்வொரு பல் மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். குறித்த நாளில் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவுகளும் பல் மருத்துவக் கல்லூரிகளும் இதை முதலில் தொடங்கட்டும். மாணவர்களுக்கு விளக்கைப் பிடிக்கும் பயிற்சியை, பல்லைக் குடையும் பயிற்சிக்கு ஈடாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வெளிப்படை. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் இந்த மருந்துகளும் வருகின்றன. பிசின், ஒளித்தூண்டி ஆகியவற்றின் முழுப்பட்டியலை உறையில் அச்சிட வேண்டும் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டளையிடலாம். அடைத்த மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் நோயாளியின் சீட்டில் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, பதிவு. பல்லடைப்புப் பொருள்களால் வரும் பாதிப்புகளைப் பதிந்து ஆராயவே நார்வேயின் பெர்கன் நகரில் 1993 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்குகிறது. நம்மிடமும் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் 2015-இல் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. பல் மருத்துவர்களும் அவர்களின் உதவியாளர்களும் அதற்கு எழுதப் பழக வேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும், சொத்தையே வராமல் காப்பது. உலகில் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. இனிப்பைக் குறைப்பதும், ஃபுளூரைடு பற்பசையால் இரவில் பல் துலக்குவதும் எந்த அடைப்பையும்விட மேலானவை. தொடக்க நிலைச் சொத்தைக்கும் பால்பல்லுக்கும், விளக்கே தேவைப்படாமல் இறுகி ஃபுளூரைடையும் தரும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் பல இடங்களில் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது.

வாசகர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் சொத்தையை அடைக்காமல் விட வேண்டாம். அடைக்காத சொத்தை வேருக்கு இறங்கும், சீழ் பிடிக்கும், அந்தக் கேடு கசிவின் கேட்டைவிடப் பன்மடங்கு பெரிது. நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து பெயர்த்தெடுக்கவும் வேண்டாம். குடையும்போது தூளும் கிளம்பும், நல்ல பல்லும் சேர்ந்து போகும். கர்ப்பிணிகள் தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடலாம். வலியையும் தொற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

அடைத்து முடித்ததும் மேற்பரப்பைத் துடைத்து மெருகிடச் சொல்லுங்கள். அரை நிமிடம் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். குழந்தைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். பிறகு மருத்துவரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இந்த லைட்டைக் கடைசியா எப்போ அளந்தீங்க?"

நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரமே ஓர் அளவுகருவி வாங்கிவிடுவார். கிரனாடாவில் எச்சிலை அளந்ததால் ஒரு பொருள் விலகியது. நம் ஊரில் விளக்கை அளந்தால் கசிவு குறையும், பல்லும் நிலைக்கும். 2034 வரை காத்திருக்கத் தேவையில்லை. இதை இந்த வாரமே தொடங்கலாம்.